அடிபடாமலும் ஈரல் வெடிக்கும்

வலது விலாவுக்குக் கீழே வலி என்று வருகிறவருக்கு எங்கள் இலங்கை மலையகத்தில் முதலில் கிடைப்பது கேஸ்ட்ரிக் மாத்திரை. பல நேரம் அதுவே போதும். ஆனால் முகம் வெளிறி, உடம்பு சில்லிட்டு வியர்த்து, தோள்பட்டையும் வலிக்கிறது என்றால் கேஸ்ட்ரிக் கதையை விட்டுவிடுங்கள். வயிற்றுக்குள் சேரும் இரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில் தெரியும். விழவில்லை, அடிபடவில்லை என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைய முடியாது.

ஈரல் தானாக வெடிப்பது அரிது. வெடித்தால் பெரும்பாலும் ஈரல் புற்றுநோய்க் கட்டிதான் காரணம். பல வருடம் குடித்து ஈரல் இறுகியவர்களிடம் அது சத்தமில்லாமல் வளரும்.

எனக்கு அதைவிடப் பயம் கர்ப்பிணிகளை நினைத்துத்தான். கடைசி மாதங்களிலோ பிரசவமான முதல் நாட்களிலோ பிரசர் கூடி, இரத்தம் உறைய உதவும் இரத்தத்தட்டுகள் குறைந்து, ஈரல் கெடும் நிலையை ஹெல்ப் (HELLP) சின்ட்ரோம் என்கிறோம். ஈரலைச் சுற்றிய உறைக்கடியில் இரத்தம் தேங்கி, அப்புறம் உறை கிழிந்துவிடலாம். தோட்டத்து லயத்துக் காம்பராவில் (வரிசை வீட்டு அறையில்) சுருண்டு படுத்து "நெஞ்சுக்குழி வலிக்குது" என்கிற பிள்ளைத்தாய்ச்சியின் கிளினிக் அட்டையைப் புரட்டிப் பாருங்கள். போன வாரம் 160/110 இருந்த பிரசர் இன்று 110/70, நாடி 125 என்றால் பிரசர் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே இரத்தம் போய்க்கொண்டிருக்கலாம்.

அவசர சிகிச்சைப் பிரிவில் கட்டிலருகே அல்ட்ராசவுண்ட் வைத்தால், ஈரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவில் கறுப்பாக ஒரு பட்டை தெரியும். அது தேங்கிய இரத்தமாக இருக்கலாம். முதல் ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் நம்ப வேண்டாம். அது குறைந்து தெரிய நேரமெடுக்கும். உடனே வேண்டியவை: கையில் இரண்டு பெரிய கெனியூலா (இரத்தம் ஏற்றும் ஊசிக்குழாய்), குரூப் பார்க்க இரத்தம், உடம்புக்குச் சூடு. சேலைனை மட்டும் லீற்றர் கணக்கில் ஏற்றினால் உறையும் சக்தி நீர்த்துப்போகும், ஆகவே இரத்தமும் பிளாஸ்மாவும் சீக்கிரம் வேண்டும். நிலை தாங்கினால் சீடி ஸ்கேன், பிறகு தொடை இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, ஈரலில் கசியும் இரத்தக்குழாயை அடைப்பது. தாங்காவிட்டால் தியேட்டர்தான்: ஈரலைச் சுற்றித் துணி அடைத்து அழுத்தி, ஓரிரு நாளில் எடுப்பார்கள். கர்ப்பிணி என்றால் குழந்தையையும் உடனே எடுக்க வேண்டும்.

பொகவந்தலாவையிலிருந்து கண்டிக்கு வளைந்து வளைந்து போய்ச் சேர இரண்டு மணிநேரத்துக்கு மேலாகும். அதனால் தோட்ட டிஸ்பென்சரியில் சந்தேகம் வந்தவுடனேயே 1990 ஆம்புலன்ஸை அழையுங்கள். வலிக்கு டைக்ளோபினாக் ஊசி வேண்டாம், அது இரத்தப்போக்கைக் கூட்டும். கிளினிக் அட்டையைக் கையோடு கொடுத்து, போகிற வைத்தியசாலைக்கு போன் பண்ணி பிரசர், நாடி, எத்தனையாவது மாதம் என்று சொல்லிவிடுங்கள். வண்டி வரும் முன்பே இரத்தத்துக்கு ஏற்பாடு செய்ய எங்களுக்கு நேரம் கிடைக்கும்.