கப்ளிங்குக்குத் தமிழ் பிணையல்

கும்பகோணம் பக்கம் பம்ப்செட் வைத்திருக்கிற யாரிடமாவது போய் "இணைப்பி தேய்ந்துவிட்டதா?" என்று கேட்டுப் பாருங்கள், கரண்ட் கனெக்‌ஷனைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றுதான் நினைப்பார். கப்ளிங் என்றால் உடனே புரியும். மோட்டார் தண்டையும் பம்பு தண்டையும் சேர்த்துப் பிடிக்கிற இரண்டு இரும்புத் துண்டு, நடுவில் ஒரு ரப்பர், அந்த ரப்பர் போய்விட்டால் சுவிட்சைப் போட்டதும் கடகடவென்று சத்தம். வீட்டில் சின்ன சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் சொல்படி செதுக்குகிற மெஷின், கட்டுகிறவர்களுக்கும் இதே சாமான்தான், என்ன, கட்டைவிரல் பருமன்தான் இருக்கும்.

ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் லத்தீனில் 'கோபுலா'. கட்டு, தளை என்று பொருள். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், புருஷன் பெண்டாட்டியைச் சொல்கிற 'கப்பிள்' ஆனதும் இதே சொல்தான்.

தமிழில் பாடப்புத்தகங்கள் இணைப்பு, இணைப்பி என்று எழுதுகின்றன. தப்பில்லை, ஆனால் கேஸ், கரண்ட், இன்டர்நெட் எல்லாமே இணைப்பு ஆகிவிட்ட பிறகு அந்தச் சொல்லில் பிடிப்பு இல்லை. என் கட்சி பிணையல். நெற்களத்தில் தாளைப் பரப்பி மாடுகளைக் கழுத்தோடு கழுத்தாகத் தாம்புக்கயிற்றில் கட்டிச் சுற்றவிடுவதற்குப் பெயர் பிணையல். உள்பக்க மாட்டுக்குச் சின்ன வட்டம், வெளிமாட்டுக்குப் பெரிய வட்டம், ஒன்று கொஞ்சம் முன்னே போகும், ஒன்று விலகும், கயிறு அதையெல்லாம் வாங்கிக்கொண்டு இரண்டையும் ஒன்றாகவே ஓட்டும். அகராதியில் இதே சொல்லுக்குக் கதவின் கீல் என்றும் பொருள் உண்டு; ஒட்டியும் இருக்கும், அசையவும் செய்யும். அறுப்பு மெஷின் வந்த பிறகு களத்தில் வேலையில்லாமல் கிடக்கிற சொல், எடுத்துக்கொள்வோமே.

சரி, 'ஃப்ளெக்சிபிள்' என்பதற்கு என்ன? இங்கேதான் கவனம் வேண்டும். தளர்வு வேறு, நெகிழ்வு வேறு. சிஎன்சியில் மோட்டார் தண்டும், செதுக்குகிற தலையை நகர்த்தும் திருகுத் தண்டும் மயிரிழை பிசகாமல் ஒரே கோட்டில் அமைவது நம் வீட்டு வேலையில் நடக்காத காரியம், பக்கவாட்டில் கொஞ்சம் விலகியிருக்கும், இல்லையென்றால் சாய்ந்திருக்கும். அந்தப் பிசகுக்கு வளைந்துகொடுக்க வேண்டும், ஆனால் சுற்றுகிற திசையில் துளி ஆட்டமும் கூடாது. மாட்டுக் கயிற்றின் தொய்வு களத்தில் நல்லது, மெஷினில் அதற்குப் பெயர் பேக்லாஷ், திசை மாறும்போது வீணாகப் போகிற ஆட்டம். அதனால் நெகிழ்பிணையல் என்றே சொல்கிறேன்.

இந்த வித்தியாசத்தை நான் ஒரு தேக்குப் பெயர்ப்பலகையைக் கெடுத்துத்தான் கற்றேன். ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகரும் திருகு, கிரப் ஸ்குரூ (பக்கத்திலிருந்து தண்டை அழுத்திப் பிடிக்கிற தலையில்லாத சின்னத் திருகு) வைத்த கப்ளிங். முதல் இரண்டு எழுத்து சரியான ஆழத்தில் விழுந்தது, மூன்றாவதிலிருந்து ஆழம் ஏறிக்கொண்டே போனது. ஸ்குரூ தளர்ந்து தண்டு நழுவியிருக்கிறது. 9 பாகை நழுவினாலே 0.2 மி.மீ. போச்சு. கழற்றிப் பார்த்தால் தண்டில் நகக்கீறல் மாதிரி வளையமாக ஒரு கோடு. அன்றிலிருந்து தண்டைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் வகை தவிர வேறு வாங்குவதில்லை.

சுருளாக வெட்டிய அலுமினியக் கப்ளிங்தான் எங்கும் மலிவாகக் கிடைக்கும். இழுத்தால் ஸ்பிரிங் மாதிரி நீளும், ஆகவே மேலும் கீழும் போகிற அச்சில் ஸ்பிண்டில் (வெட்டும் முனையைச் சுற்றுகிற மோட்டார்) பாரத்தை இதன் தலையில் தொங்கவிடாதீர்கள், பாரத்தைத் தாங்க பேரிங் தனியாக வேண்டும். பல் வைத்து நடுவில் நட்சத்திர ரப்பர் போட்ட வகையைக் கடைக்காரர்கள் 'லவ்ஜாய்' என்பார்கள், அது ஓர் அமெரிக்கக் கம்பெனியின் பெயர். இதுவும் பாரம் தாங்காது, இரண்டு பாதியும் கழன்று வந்துவிடும். ரப்பர் மெத்தென்று இருந்தால் சுற்றும்போது நசுங்கும், சிஎன்சிக்குக் கெட்டியானதாகக் கேளுங்கள். நடுவில் ஒரு தட்டு இரண்டு பக்கமும் வழுக்குகிற ஓல்டாம் வகையும் உண்டு. பக்கவாட்டு விலகலுக்கு அது கெட்டிக்காரன், பாரம் மட்டும் அதற்கும் ஆகாது.

வாங்கும்போது துளை அளவுதான் வம்பு. நெமா என்பது மோட்டாரின் முகப்பு அளவைச் சொல்கிற தரக்குறி. நெமா 17 மோட்டாரின் தண்டு பெரும்பாலும் 5 மி.மீ., நெமா 23இல் 6.35 அல்லது 8. 6.35 என்பது கால் அங்குலம். ஒரு கடையில் 6.5 கொடுத்து "இறுக்கினா பிடிச்சுக்கும் சார்" என்றார்கள், பிடிக்கவில்லை. கையில் வெர்னியர் இல்லாமல் போகாதீர்கள். இன்னொன்று, ஒரு பக்கத்தில் நேரான கம்பியைச் செருகி மறுபக்கத்தை மோட்டாரில் மாட்டி மெல்லச் சுற்றுங்கள், கம்பி நுனி வட்டம் போட்டால் துளையே கோணல், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆன்லைனில் கிடைக்காத ஒரு துளை அளவில் இங்கே தெரிந்த லேத் பட்டறையில் ஒன்று கடைந்து வாங்கினேன். வரைபடத்தின் மேலே 'நெகிழ்பிணையல்' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். பட்டறை அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "பிணையல்னா மாடுல்ல கட்டுவோம்? ஓ… கப்ளிங்கா! எழுதுனது சரிதான் தம்பி, ரெண்டு பக்கமும் எத்தனை எம்எம்?"