1,000 பிரதியும் ஐப்பசி மழையும்

குன்னூரில் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்து, அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்தி, பக்கம் கட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. சொந்தச் செலவில் புத்தகம் போட்டவர் வீட்டுக்குப் போனால் என் கண் முதலில் கட்டிலுக்கு அடியில்தான் போகும். போன ஐப்பசியில், எஸ்டேட்டில் ஃபீல்டு ஆபீசராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் கூப்பிட்டுக் காட்டினார். சுவரை ஒட்டி அடுக்கியிருந்த, விற்காத புத்தகக் கட்டுகளில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. அட்டைகள் அப்பளம்போல வளைந்திருந்தன.

"300 அடிச்சா ஒண்ணு 120 ரூபாய், 1,000 அடிச்சா 70தான்னு சொன்னாங்க தம்பி."

சொன்னது பொய்யில்லை. ஆஃப்செட் அச்சில், பக்கங்களைப் பதித்தெடுக்கும் பிளேட் என்ற தகட்டின் செலவு எத்தனை பிரதிக்கும் ஒன்றுதான். எண்ணிக்கை ஏறினால் பிரதியின் அடக்கவிலை இறங்கும். ஆனால் 300 பிரதிக்கு 36,000 ரூபாய், 1,000 பிரதிக்கு 70,000. விற்காத 700 பிரதிகளுக்காகக் கூடுதலாக 34,000 ரூபாய் கொடுத்து ஈரத்தை வாங்கியிருக்கிறார். இன்று டிஜிட்டல் அச்சில் 50 பிரதிகூடப் போடலாம். ஒன்றுக்கு விலை கூடத்தான் செய்யும், கூடட்டுமே. எங்கள் ஊரில் தென்மேற்கு மழை விட்டால் வடகிழக்கு. புத்தகம் வைப்பதென்றால் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும்.

ஒரு பிரதியை எடுத்துப் புரட்டினேன். 'எங்கள் சட்டியில் இருபது வீடுகள்' என்றிருந்தது. அவர் எழுதியது ஹட்டி, படகர் ஊர். மலைக்குக் கீழே எங்கோ இருந்து மெய்ப்புப் பார்த்த ஒருவர் 'திருத்தி' விட்டார்! வட்டாரச் சொற்களை ஒரு தாளில் எழுதி, 'இவற்றில் கை வைக்காதீர்கள்' என்று முதலிலேயே கொடுத்துவிடுங்கள். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பு என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஔ என்ற ஓரெழுத்து ஒ, ள என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, மின்னூலில் 'ஔவை' என்று தேடினால் கிடைக்காது. துணைக்காலும் (ா) ரகரமும் (ர) இடம் மாறியிருப்பதும் அப்படித்தான். திரையில் பார்த்து ஒப்புதல் கொடுக்காதீர்கள். கட்டிய மாதிரிப் பிரதி ஒன்று கேளுங்கள், சத்தமாக வாசியுங்கள், வீட்டில் வேறொருவரையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

புத்தகத்துக்கு அடையாளமாகக் கொடுக்கும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு அவரிடம் தனியாகப் பணம் வாங்கியிருந்தார்கள். இந்தியாவில் அது இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். வேறொருவர் பெயரில் வாங்கினால் பதிப்பாளர் அவராகிவிடுவார்.

பதிப்பாளரோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், உரிமை எத்தனை காலத்துக்கு, எந்த எல்லைக்குள் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் 5 ஆண்டுக்குத்தான் செல்லும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள்தான். 'என்றென்றைக்கும், உலகெங்கும்' என்று எழுதியிருந்தால் பேனாவை மூடிவிடுங்கள்.

நனையாத கட்டுகளைப் பிரித்துப் பலகையில் ஏற்றினோம். தேநீர் குடிக்கும்போதே இரண்டாம் பதிப்பு பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"சட்டியைத் திருத்திட்டு 50 போடலாம் ஐயா" என்றேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "100?"