பலுசிஸ்தான் தலைமை நீதிபதிகள் பட்டியலை வாசிப்பது எப்படி?

பாகிஸ்தான் தீர்ப்புகளை ஆய்வு செய்பவர்கள், முன்னாள் தலைமை நீதிபதிகளின் பட்டியலில் பெயரையும் ஆண்டையும் மட்டும் குறித்துக்கொள்வது வழக்கம். அது போதாது. எந்தச் சட்டத்தின் கீழ் பிரமாணம் எடுத்தார், எப்படிப் பதவியை விட்டார் என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பாகிஸ்தானின் பலுசிஸ்தான் மாகாணத்துக்காகக் குவெட்டாவில் உள்ள உயர் நீதிமன்றமே இதற்குச் சரியான உதாரணம்.

1976 டிசம்பரில்தான் இது தனி நீதிமன்றமானது. 1970 முதல் அதுவரை சிந்து, பலுசிஸ்தான் இரண்டுக்கும் ஒரே உயர் நீதிமன்றம்; அதற்கு முன், 1955 முதல், மேற்கு பாகிஸ்தான் உயர் நீதிமன்றம். ஆகவே 1974-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு இந்தப் பட்டியலில் பெயர் தேடினால் கிடைக்காது.

முதல் தலைமை நீதிபதி குதா பக்ஷ் மர்ரி. இராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் 1981-இல் அரசமைப்புக்குப் பதிலாகக் கொண்டுவந்த தற்காலிக அரசமைப்பு ஆணையின் கீழ் பிரமாணம் எடுக்க மறுத்து வெளியேறினார். வெறும் பட்டியலில் இது ஓய்வு போலத்தான் தெரியும். 1999-இல் தலைமை நீதிபதியான இப்திகார் சவுத்ரியோ 2000 ஜனவரியில், பின்னாளில் வந்த இராணுவ ஆட்சியாளர் முஷாரஃபின் இதே போன்ற ஆணைப்படி பிரமாணம் எடுத்தார். அதே முஷாரஃபின் 2007 ஆணையை எதிர்த்து நின்றவரும் அவரே. ஆளை வைத்து முடிவுகட்டாமல் தேதியைப் பாருங்கள்.

அதிகம் தடுமாறுவது 2009-இல்தான். முஷாரஃபின் அந்த 2007 நவம்பர் 3 ஆணையின் கீழ் பிரமாணம் எடுத்தவர்களுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 2009 ஜூலை 31-இல் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி அமானுல்லா யாசின்சாய் உட்பட இங்கே இருந்த எல்லா நீதிபதிகளும் பதவியை விட்டுப் போய்விட்டார்கள். ஆகஸ்ட் 5-இல், வழக்கறிஞராக இருந்த காஜி ஃபாயிஸ் ஈசா நேரடியாகத் தலைமை நீதிபதியானார். நியமனம் போனால் அவர்கள் எழுதிய தீர்ப்பும் செல்லாது என்று சிலர் வாதிடுகிறார்கள். தவறு. அவர்கள் ஏற்கெனவே வழங்கிய தீர்ப்புகள் பாதிக்கப்படாது என்று அதே ஜூலை 31 தீர்ப்பு சொல்கிறது. அவற்றைத் தாராளமாக மேற்கோள் காட்டலாம்.

பதவிக்காலம் குறுகியது என்றாலே சந்தேகப்படவும் வேண்டாம். பாகிஸ்தானில் ஓர் உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் தலைமை நீதிபதி தாஹிரா சஃப்தர், 2018 செப்டம்பர் 1 முதல் 2019 அக்டோபர் வரைதான் இருந்தார். அரசமைப்பின் 195-ஆம் பிரிவு சொல்லும் 62 வயது நிறைந்தது, அவ்வளவுதான். ஈசா 2014-இல் போனது உச்ச நீதிமன்றத்துக்கு. அங்கே வயது வரம்பு 65.

196-ஆம் பிரிவின்படி தற்காலிகமாகத் தலைமை நீதிபதிப் பொறுப்பு வகித்தவர்களைத் தனி நிரலில் எழுதுங்கள். நிரந்தரத் தலைமை நீதிபதிகளோடு கலந்தால் வரிசை எண் தவறிவிடும்.