நீர்முகப்பு என்றொரு சொல்

சென்ற மாதம் ஒரு சிறு நூலுக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலை வந்தது. தரங்கம்பாடியின் துறையும் கடலோரமும் கண்ட வரலாறு, ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம். நாலாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: "நகரின் நீர்முகப்புக்கு எதிரே டேனியக் கப்பல்கள் சாலைகளில் நின்றன." பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "கடல்ல ஏதுடா ரோடு?" என்றாள்.

சாலையை மன்னித்துவிடலாம். கப்பல்கள் கரைக்கு வெளியே, திறந்த கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும் இடத்தை ஆங்கிலக் கடலோடிகள் 'ரோட்ஸ்' என்பார்கள். கப்பல் நங்கூரத்தில் சவாரி செய்வது என்ற பொருளில் வந்த சொல் அது. வண்டி ஓடும் ரோட்டுக்கும் வேர் அதுவேதான், ஆனால் பிள்ளைகள் இரண்டும் எப்போதோ பிரிந்துவிட்டன. மொழிபெயர்த்தவருக்கு அது தெரியவில்லை. தெரியாமை ஒரு குற்றமில்லை. 'நங்கூரமிடும் இடம்' என்று திருத்திவிட்டு நகர்ந்தேன்.

நீர்முகப்பு அப்படிப்பட்டதல்ல. அது யோசித்துச் செய்த சொல். அடுக்குமாடி விளம்பரத்தில் பார்த்திருக்கிறேன், கருத்தரங்க அழைப்பிதழில் பார்த்திருக்கிறேன், ஏரிக்கரையில் நடைபாதை போடுகிற செய்தியில் பார்த்திருக்கிறேன். இந்த நூலில் மட்டும் 17 இடம். பதினேழாவது இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

மூலச்சொல் 'வாட்டர்ஃப்ரன்ட்'. அதில் வரும் 'ஃப்ரன்ட்' லத்தீனில் நெற்றியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. பிறகு முன்பக்கம் என்றாகி, நீரைப் பார்த்தபடி இருக்கும் நிலம், ஊரின் நீர்ப்பக்க விளிம்பு என்று பொருள் விரிந்தது. துறைமுக ஊர் என்றால் அந்த விளிம்பில் படகு இறங்குமிடம், சுங்கக் கட்டடம், பண்டகசாலை, மூட்டை தூக்குகிறவர்கள், காயும் வலை எல்லாம் அடக்கம்.

இதை நீர் என்றும் முகப்பு என்றும் இரண்டாகப் பிளந்து ஒட்டியிருக்கிறார்கள். தமிழில் இப்படி இரண்டு பெயர்கள் சேர்ந்தால் பின்னால் நிற்பதுதான் பொருளுக்குத் தலை. முன்னால் நிற்பது அதற்கு உடைமைக்காரர். வீட்டு முகப்பு வீட்டினுடையது. கடை முகப்பு கடையினுடையது. அக்கா கழுத்தில் கிடக்கிற சங்கிலியில் ஒரு முகப்பு இருக்கிறது, அது சங்கிலியினுடையது. அப்படியானால் நீர்முகப்பு யாருடையது? நீருடையது. நீருக்கு ஒரு முன்வாசல் வைத்துத் தூண் நிறுத்தியதுபோல ஒரு படம்தான் மனசில் எழுகிறது. நாம் சொல்ல வந்ததோ ஊரின் பக்கத்தை.

மொழிபெயர்ப்பாளரிடம் தொலைபேசியில் பேசினேன். நல்ல மனிதர், பொறுமையாக வாதாடினார். "சார், ரெண்டுமே தமிழ்ச் சொல். வடமொழி கலக்கல, ஆங்கிலம் கலக்கல. வேற என்ன வேணும்?" என்றார். இதுதான் எனக்குப் பிடிபடாத கணக்கு. செங்கல் உள்ளூர்ச் சூளையில் சுட்டதாக இருக்கலாம், கட்டடத்தின் வரைபடம் லண்டனிலிருந்து வந்திருக்கிறதே. அதே மனிதர் அடுத்த பக்கத்தில் நங்கூரம் என்று கூசாமல் எழுதுகிறார். நங்கூரம் பாரசீகத்து 'லங்கர்' என்ற சொல்லின் உறவு. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. எந்தக் கட்டுமரக்காரரும் கேட்ட உடனே புரிந்துகொள்வார். தமிழ் வேர் உள்ள நீர்முகப்பு அவருக்குப் புரியாது. எது தமிழ் என்று இப்போது யார் சொல்வது?

அடுத்ததாக, "முகப்புன்னா முன்பக்கம்தானே சார், ஊருக்கு முன்பக்கம் கடல்" என்றார். இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய வாதம். முன்பக்கம் எது என்பது வருகிறவரைப் பொறுத்தது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்பாடு செய்துகொண்டு டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டிய டேனியர்களுக்குக் கடற்பக்கம் முன்பக்கம். இன்று பேருந்தில் வந்து இறங்குகிறவருக்கு 1792ஆம் ஆண்டு வாயில் வளைவு முன்பக்கம். அது மேற்கே, நிலத்தைப் பார்த்து நிற்கிறது. மாரவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடலே கொண்டுபோய்விட்டது. அங்கே முகப்பு எது, முதுகு எது என்பதைக் கூட அலைதான் தீர்மானித்திருக்கிறது. அப்படியே கடற்பக்கம்தான் முன்பக்கம் என்று ஒப்புக்கொண்டாலும் 'ஊர்முகப்பு' என்று சொல்லலாமே தவிர நீர்முகப்பு ஆகாது. இதைச் சொன்னபோது மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

'நீர்முனை' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது இன்னும் மோசம். முனை என்றால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலக்கூர், இல்லையென்றால் போர்முனை. தரங்கம்பாடி நேர்கோடாக மணல் கிடக்கிற கரை. அங்கே முனை எதுவும் கிடையாது.

இத்தனை பாடும் எதற்கு? தமிழில் சொல் இல்லாமலா? ஒரு கடலோர இனத்துக்கு, தண்ணீரில் கால் வைக்கும் இடத்துக்குப் பெயர் இல்லாமல் போயிருக்குமா?

துறை என்பது இறங்குமிடம். ஆற்றில் குளிக்க இறங்கினால் படித்துறை, ஓடம் கட்டினால் ஓடத்துறை, துணி வெளுத்தால் வண்ணான்துறை. அங்கிருந்துதான் அகத்திணைத் துறை, அரசுத் துறை எல்லாம் கிளைத்தன. ஒன்றைக் கரைகண்டு கற்றவரைத் துறைபோகியவர் என்றோம். ஊர்ப்பெயரைப் பாருங்கள்: பருத்தித்துறை, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, உள்நாட்டில் காவிரிக்கரையில் மயிலாடுதுறை. கடல், ஆறு என்ற பேதமே இந்தச் சொல்லுக்குக் கிடையாது.

சங்கப் பாடல்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. அகநானூற்றில் 'கொற்கை முன்துறை' வருகிறது, பரிபாடலில் வையையின் 'திருமருத முன்துறை' வருகிறது. புணர்ச்சியில் முன்றுறை என்றும் படிப்பார்கள். இல்லத்தின் முன்னிடத்தை 'இல்முன்' என்னாமல் 'முன்றில்' என்று திருப்பிப் போட்டார்கள் அல்லவா, பள்ளிக்கூடத்தில் இலக்கணப்போலிக்குக் காட்டுகிற எடுத்துக்காட்டு, அதே வார்ப்பில் துறையின் முன்னிடம் முன்துறை. 'ஃப்ரன்ட்' வேண்டுமா, இதோ இருக்கிறது. முத்து இறங்கிய துறைக்கும் பெண்கள் நீராடிய துறைக்கும் ஒரே சொல். இளங்கோ புகாரில் கப்பல் வணிகர் குடியிருந்த பக்கத்தை 'இலங்குநீர் வரைப்பு' என்கிறார். அந்தக் கடலோரப் பகுதிக்கு மருவூர்ப்பாக்கம் என்று தனிப் பெயரே இருந்தது. உள்ளே தள்ளியிருந்தது பட்டினப்பாக்கம். ஒரு நகரத்தை நீர்ப்பக்கம், நிலப்பக்கம் என்று பிரித்துப் பேர் வைத்தவர்களுக்கு, சொல்லில்லை என்று நாம் ஒட்டுப்போடுகிறோம்.

முன்துறையை அப்படியே தூக்கி இன்றைய வாக்கியத்தில் போட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. தலைப்பில் அழகாக நிற்கும். வாக்கியத்தின் நடுவில் கொஞ்சம் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்ததுபோல இருக்கும். பெரும்பாலான இடத்தில் 'துறை' போதும், 'கரை' போதும். பழைய சுங்கக் கட்டடம் துறையோரம் இருந்தது என்றால் யாருக்குப் புரியாது?

துறைமுகம் என்ற சொல்லையும் இந்த நூல் படாதபாடு படுத்தியிருக்கிறது. துறைமுகத்தில் உள்ள முகம் மூஞ்சி அல்ல, வாய். கழிமுகம், முகத்துவாரம் என்கிறோமே, அந்த முகம். நீர் திறந்து நுழைய இடம்விடும் வாய். முகப்பு ஆதரவாளர்கள் "துறைமுகத்துலயும் முகம் இருக்கே" என்று இதைத்தான் தங்கள் கட்சிக்கு இழுப்பார்கள். அது செல்லாது.

ஆங்கிலத்தில் 'போர்ட்' வேறு, 'ஹார்பர்' வேறு. முன்னது வணிகம், சுங்கம், ஊர் எல்லாம் சேர்ந்த ஏற்பாடு. பின்னது அலை அடங்கிய நீர்ப்பரப்பு. இரண்டையும் துறைமுகம் என்றே பெயர்த்ததால், "தரங்கம்பாடித் துறைமுகத்தில் துறைமுகம் இல்லாததால்" என்று ஒரு வாக்கியம் அச்சுவரை வந்துவிட்டது. விஷயம் உண்மைதான். சோழமண்டலக் கரையில் இயற்கையாக அலை அடங்கிய இடம் அரிது. சென்னைக்கே 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதி வரை செயற்கைத் துறைமுகம் கிடையாது. தரங்கம்பாடியில் கப்பல் வெளியே நிற்கும். ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகு அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கையும் ஆளையும் எடுத்து வரும். ஆணி அடித்த படகு அந்த அலையில் மணலில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். ஆக இருந்தது துறை, இல்லாதது துறைமுகம். அந்த வாக்கியத்தை "தரங்கம்பாடித் துறையில் கப்பல் ஒதுங்க இடமில்லாததால்" என்று மாற்றினேன். மீன்பிடித் துறைமுகம் கட்டியது அண்மைக் காலத்துச் சங்கதி.

மற்றதெல்லாம் நூலில் சரியாகவே இருந்தது. 1845இல் டேனியர் ஆங்கிலேயரிடம் விற்றது, 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்து வணிகம் அந்தப் பக்கம் சாய்ந்தது, 1926இல் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கும் ஒரு பாதை வந்து 1986இல் நின்றுபோனது.

சந்தேகம் வேண்டாமென்று நேரிலும் ஒருமுறை போனேன். கோட்டைக்குக் கீழே ஒரு பெரியவர் வலையில் சிக்கிய நண்டை ஒவ்வொன்றாகக் காலை ஒடித்து எடுத்துக்கொண்டிருந்தார். "ஐயா, இந்த இடத்தை என்னன்னு சொல்வீங்க?" என்றேன். "எந்த இடத்தை?" "இதோ, நாம நிக்கிற இடம்." ஏற இறங்கப் பார்த்தார். "கரைதான் தம்பி. வேற என்ன சொல்றது?" கொஞ்சம் தள்ளி நுரை வந்து தொட்டுப்போகும் விளிம்பைக் காட்டி, அது அலைவாய்க்கரை என்றார். நான் நின்ற இடத்துக்கும் அதற்கும் இருபது அடிகூட இருக்காது, அதற்குள் இரண்டு பேர்.

அந்த மனிதர்கள் புதுச்சொல்லுக்கு எதிரிகளும் இல்லை. கடல் அரிப்பைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டி வளைத்துக் கட்டும் சுவருக்குத் 'தூண்டில் வளைவு' என்று பேர். மேலே இருந்து பார்த்தால் தூண்டில் முள் மாதிரியே இருக்கும். மனு எழுதுகிற மீனவரும் சொல்கிறார், அறிக்கை விடுகிற அமைச்சரும் சொல்கிறார். அதையே நம் மொழிபெயர்ப்பாளர்கள் கையில் கொடுத்திருந்தால் அகராதியைப் பிரித்து என்ன பண்ணியிருப்பார்களோ. அவர்கள் ஆங்கிலச் சொல்லைப் பார்த்துத் தமிழ்ச் சொல் செய்கிறார்கள். பொருளைப் போய்ப் பார்ப்பதில்லை. இப்போதெல்லாம் சொல்லைக்கூடப் பார்ப்பதில்லை, கணினியில் ஒட்டி வருவதை எடுத்துக்கொள்கிறார்கள். விளைவு, 17ஆம் நூற்றாண்டில் மிளகு மூட்டை இறங்கிய மணலுக்கும் நீர்முகப்பு, இன்றைக்கு ஓடு பதித்து விளக்குக் கம்பம் நட்ட உலாவிடத்துக்கும் நீர்முகப்பு.

17 இடத்தையும் திருத்தினேன். ஆறு இடத்தில் துறை, ஐந்தில் கரை, மூன்றில் துறையோரம், இரண்டில் கடலோரத் தெரு, தலைப்பில் மட்டும் முன்துறை. "ஒரே சொல்லா இருந்தா சீரா இருக்குமே" என்று பதிப்பகத்திலிருந்து குறிப்பு வந்தது. ஐந்து வேறு இடங்களைப் பற்றிய வாக்கியங்கள் அவை என்று பதில் எழுதினேன். ஒப்புக்கொண்டார்கள்.

புத்தகம் போன வாரம் தபாலில் வந்தது. உள்ளே எல்லாம் திருத்தியபடி இருக்கிறது. அட்டையில் பெரிய எழுத்தில் 'தரங்கம்பாடி: ஒரு நீர்முகப்பின் கதை'. அட்டையை முன்கூட்டியே அச்சடித்துவிட்டார்களாம்.