படிவத்தில் பெட்டியின் அகலத்தை யார் முடிவு செய்வது?

ஒரு டெஸ்க்டாப் மென்பொருளைச் சோதிக்க உட்கார்ந்தால் நிறமும் ஐகானும் எனக்கு அப்புறம்தான். கணக்கு எண் கேட்கும் பெட்டியைத் தேடி, அதில் முழு நீள எண் ஒன்றைத் தட்டச்சு செய்து பார்ப்பேன். முதல் இலக்கத்திலிருந்து கடைசி இலக்கம் வரை ஒரே பார்வையில் தெரிய வேண்டும். பல மென்பொருள்களில் தெரிவதில்லை. தட்டச்சு செய்யச் செய்ய முன்பகுதி இடப்பக்கம் நகர்ந்து மறைந்துவிடும். சரிபார்க்க நினைப்பவர் ஹோம், எண்ட் விசைகளை மாறி மாறி அழுத்த வேண்டும். நாள் முழுக்கப் பதிவு செய்கிற ஒருவர் அதை ஒவ்வொரு முறையும் செய்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. தவறான எண் சேமிக்கப்பட்டால் பழி அவர் மேல் விழுகிறது, குறை திரையில் இருந்தும்.

இந்தக் குறை பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது: பெட்டிக்கு 200 பிக்சல் அகலம், 25 பிக்சல் உயரம் என்று நிரலில் கையால் எழுதிவைப்பது. எழுதியவரின் திரையில் அது அழகாகவே இருந்திருக்கும். ஆனால் பார்வை குறைந்தவர் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார். விண்டோஸின் திரை அளவு அமைப்பில் (ஸ்கேலிங்) 100% என்பது அங்குலத்துக்கு 96 புள்ளிகள். 125% என்றால் 120, 150% என்றால் 144. எழுத்து வளர்ந்து பெட்டி வளராமல் நின்றால், கொம்பும் சுழியும் வெட்டுப்படும், எண்ணின் கடைசி இலக்கம் ஓரத்தில் ஒளிந்துகொள்ளும். எழுத்தைப் பெரிதாக்கியவருக்குத்தான் தெளிவு மிகவும் தேவை. அவருக்கே அது கிடைக்காமல் போகிறது.

சரி, பிக்சல் வேண்டாம் என்றால் வேறு எதை வைத்து அளப்பது? எழுத்துகளை வைத்து. ஜாவாவின் திரை உறுப்புத் தொகுப்பான ஸ்விங்கில் ஜேடெக்ஸ்ட்ஃபீல்டுக்கு, அதாவது ஒற்றை வரி எழுத்துப் பெட்டிக்கு, 20 நெடுவரிசை (20 எழுத்துக்கான இடம்) என்று கொடுத்தால், அப்போதைய எழுத்துருவில் ஆங்கில 'எம்' எழுத்தின் அகலத்தை வைத்து அது தன் அகலத்தைக் கணக்கிடும். எழுத்துரு பெரிதானால் பெட்டியும் பெரிதாகும். டிகே என்ற இன்னொரு திரைக் கருவித்தொகுப்பின் என்ட்ரி பெட்டியும் எழுத்துக் கணக்கில்தான் அகலம் கேட்கிறது. தமிழில் உள்ளீடு வரும் பெட்டி என்றால் கொஞ்சம் தாராளமாகவே கொடுங்கள். ஞ, ணை போன்றவை அகலமானவை. ஆங்கிலத்துக்குச் சரியாக இருந்த அளவில் தமிழ்ப் பெயர் அடங்காமல் போகலாம்.

எழுத்துக் கணக்கு விருப்ப அளவை, அதாவது பெட்டி கேட்கும் அளவை, மட்டும்தான் சொல்கிறது. உறுப்புகளைத் திரையில் அடுக்கும் லேஅவுட்டுக்கு இன்னும் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: இடம் போதாவிட்டால் எதுவரை சுருங்கலாம், இடம் மிஞ்சினால் யாருக்குக் கொடுப்பது. இந்த இரண்டையும் சொல்லாமல் விடுவதால்தான் பெரும்பாலான தொல்லைகள் வருகின்றன.

ஸ்விங்கில், உறுப்புகளைக் கட்டங்களில் அடுக்கும் கிரிட்பேக்லேஅவுட் பயன்படுத்துபவர்களுக்குத் தெரிந்த காட்சி ஒன்று உண்டு. சாளரம் திறந்ததும் எல்லாம் சரியாக இருக்கும். ஓரத்தைப் பிடித்துச் சற்றே குறுக்கினால், அத்தனை பெட்டிகளும் ஒரே நொடியில் ஒரு கோடு மாதிரி ஒடுங்கிவிடும். ஏன் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கவில்லை? விருப்ப அளவுகளுக்கு இடம் ஒரு பிக்சல் குறைந்தாலும் அந்த லேஅவுட் எல்லா உறுப்புகளுக்கும் குறைந்தபட்ச அளவுக்குத் தாவிவிடுகிறது. எழுத்துப் பெட்டியின் குறைந்தபட்ச அகலமோ மிகச் சிறியது. உடனே பலர் விருப்ப அளவைக் கையால் கூட்டுவார்கள். அது எதிர்விளைவைத்தான் தரும்: விருப்பம் கூடினால் இடம் இன்னும் சீக்கிரமே போதாமல் போகும். செய்ய வேண்டியது வேறு. பெட்டி இருக்கும் நெடுவரிசைக்கு வெயிட்எக்ஸ் (மிஞ்சிய அகலத்தில் அதன் பங்கு) 1.0 கொடுத்து, ஃபில் பண்பை ஹாரிசான்டல் ஆக்குங்கள், அதாவது கட்டத்தைக் குறுக்குவாக்கில் நிரப்பச் சொல்லுங்கள். இயல்பில் வெயிட் பூஜ்யம், ஃபில் எதுவுமில்லை. வெயிட் கொடுத்த பிறகு, குறைந்தபட்ச அளவுக்கு இறங்கினாலும் மீதி இடம் அந்த நெடுவரிசைக்கே போய்ச் சேரும். பெட்டி படிப்படியாகத்தான் சுருங்கும்.

ஸ்விங்கிலேயே, உறுப்புகளை ஒரே வரிசையில் வைக்கும் பாக்ஸ்லேஅவுட்டில் செங்குத்தாக அடுக்கினால் தலைகீழ்ப் பிரச்சினை. ஒற்றை வரிப் பெட்டி உயரவாக்கில் ஊதிப்போய் நிற்கும், அதன் அதிகபட்ச உயரத்துக்கு வரம்பே இல்லை என்பதால். அதிகபட்ச உயரத்தை விருப்ப உயரத்துக்குச் சமமாக வைத்தால் முடிந்தது.

மற்ற கருவிகளிலும் இதே கேள்விகள்தான், விடை எழுதும் இடம் மட்டும் வேறு. டிகேயில் ஸ்டிக்கி பண்பு பெட்டியைக் கட்டத்தின் இரு ஓரமும் ஒட்டவைக்கும், ஆனால் கட்டம் வளராவிட்டால் ஒட்டி என்ன பயன்? நெடுவரிசைக்கு வெயிட் கொடுக்க வேண்டும். பெட்டியைத் தாங்கும் ஃபிரேம் (சட்டகம்) வேறொன்றுக்குள் இருந்தால் வெளியே இருப்பதற்கும் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு நிலை விட்டுப்போனாலும் வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும். மைக்ரோசாஃப்டின் டபிள்யூபிஎஃப்பில் ஆட்டோ (உள்ளடக்கத்துக்கேற்ப அகலம் மாறும்) நெடுவரிசைக்குள் டெக்ஸ்ட்பாக்ஸை வைத்தால், தட்டச்சு செய்யச் செய்யப் பெட்டி நீண்டுகொண்டே போகும்; லேபிளுக்கு ஆட்டோ, பெட்டிக்கு நட்சத்திரக் குறி (மிஞ்சிய இடம்) என்று பிரித்தால் அடங்கும். அதே நிறுவனத்தின் விண்டோஸ் ஃபார்ம்ஸில் ஆங்கர் (பெட்டியைச் சாளரத்தின் ஓரங்களோடு பிணைக்கும் பண்பு) இயல்பாக மேல்பக்கமும் இடப்பக்கமும் மட்டுமே, வலப்பக்கத்தையும் சேர்த்தால்தான் பெட்டி சாளரத்தோடு விரியும். க்யூட்டி என்ற கருவித்தொகுப்பில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது, லேபிளும் பெட்டியுமாக அடுக்கும் க்யூஃபார்ம்லேஅவுட்டின் வளர்ச்சிக் கொள்கை: மேக் பாணியில் பெட்டிகள் தம் பரிந்துரை அளவிலேயே நிற்கும், பெரும்பாலான பிற பாணிகளில் விரியும். ஒரே நிரல் இரண்டு கணினியில் இரண்டு விதமாகத் தெரிவது இதனால்தான். கொள்கையை நீங்களே வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

இவ்வளவும் தெரிந்தபின் எல்லாப் பெட்டியையும் திரை முழுக்க இழுத்துவிடுபவர்களும் உண்டு. அதுவும் எனக்கு உடன்பாடில்லை. பெட்டியின் நீளமே எவ்வளவு எழுத வேண்டும் என்று பயனருக்குச் சொல்லும் குறிப்பு. சர்வதேசத் தொலைபேசி எண் நாட்டுக் குறியீடு உட்பட 15 இலக்கத்தைத் தாண்டாது. ஐபேன் எனும் சர்வதேச வங்கிக் கணக்கு எண் 34 எழுத்து வரை போகும், நான்கு நான்காக இடைவெளி விட்டால் இன்னும் கொஞ்சம் கூடும். முன்னதற்கும் பின்னதற்கும் ஒரே அகலம் கொடுத்தால் அந்தக் குறிப்பு அழிந்துவிடுகிறது. தேதி, வயது, அஞ்சல் குறியீடு இவையெல்லாம் நிலையான அளவில் நிற்கட்டும். முகவரி, குறிப்புரை, கோப்புப் பாதை போன்றவை மிஞ்சிய இடத்தை எடுத்துக்கொள்ளட்டும்.

வெளியிடும் முன் படிவத்தை ஒருமுறை வதைத்துப் பாருங்கள். சாளரத்தைக் குறுக்குங்கள், திரை முழுக்க விரியுங்கள், அளவை 150% ஆக்குங்கள், எழுத்துருவைப் பெரிதாக்குங்கள், இருப்பதிலேயே நீளமான லேபிளைப் போடுங்கள். பிறகு ஒவ்வொரு பெட்டியிலும் அனுமதிக்கப்பட்ட மிக நீளமான மதிப்பை உள்ளிட்டு, முழுதும் தெரிகிறதா என்று பாருங்கள். நீங்கள் நிரல் எழுதாமல் பயன்படுத்துபவராக மட்டும் இருந்தால், வெட்டுப்பட்ட பெட்டியைப் பார்த்ததும் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து அனுப்புங்கள், கூடவே உங்கள் திரை அளவு அமைப்பின் சதவீதத்தையும் (125%, 150% போன்றது) எழுத்து அளவையும் எழுதுங்கள். அந்த இரண்டு எண் இல்லாவிட்டால் உருவாக்கியவரின் கணினியில் அந்தக் குறை தெரியாமலே போகலாம்.