தைராய்டு மாத்திரை போட்டும் எடை ஏன் இறங்கவில்லை?

தில்லி மயூர் விஹாரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "டி.எஸ்.எச். 9 இருந்தது, டி4 நார்மல். டாக்டர் 50 மைக்ரோகிராம் மாத்திரை கொடுத்தார். ஆறு மாதத்தில் டி.எஸ்.எச். 2.5க்கு வந்துவிட்டது. ஆனால் எடை 78 கிலோவிலிருந்து 76.5க்குத்தான் இறங்கியிருக்கிறது. மாத்திரை வேலை செய்கிறதா, இல்லையா?"

வேலை செய்கிறது. தைராய்டு ஏற்றிவைத்த எடை அநேகமாக அந்த ஒன்றரைக் கிலோ மட்டும்தான். மீதிக்குக் காரணம் வேறு.

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, 15 முதல் 20 கிராம் எடையில் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருப்பது தைராய்டு சுரப்பி. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அதை டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் மூலம் விரட்டி வேலை வாங்குகிறது. தைராய்டு ஹார்மோன் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறும், கூடினால் இறங்கும். இது பள்ளிப் பாடம். பாடத்தில் சொல்லாத ஒன்று உண்டு: இந்த ஏற்றமும் இறக்கமும் சம அளவில் நடப்பதில்லை. தைராய்டு சுரக்கும் முக்கிய ஹார்மோனான டி4 ரத்தத்தில் பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். நூறு மடங்கு வரை எகிறக்கூடும். அதனால் 4.5 என்ற மேல் எல்லையைத் தாண்டி 9 என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் தைராய்டு பாதி செத்துவிட்டதாகப் பதற வேண்டியதில்லை. ஹார்மோன் கொஞ்சம் குறைந்ததை பிட்யூட்டரி உரக்கச் சொல்கிறது, அவ்வளவுதான்.

சரி, ஹார்மோன் நன்றாகவே குறைந்தவர்களுக்கு எடை எப்படி ஏறுகிறது? கொழுப்பு சேர்வதைவிட உப்பும் நீரும் சேர்வதே பெரும்பங்கு. தோலுக்கு அடியில் ஹயலுரோனிக் அமிலம் போன்ற பொருள்கள் எப்போதும் கொஞ்சம் இருக்கும். தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அவை தேங்கிவிடும். ஊறப்போட்ட ஜவ்வரிசிபோல நீரை இழுத்துப் பிடித்துக்கொண்டு வீங்கும். காலையில் இமை வீங்குவது, முகம் ஊதியதுபோல் தெரிவது எல்லாம் இதனால்தான். குரல்நாணில் சேர்ந்தால் குரல் கரகரக்கும். மணிக்கட்டில் நரம்பை நெருக்கினால் விரல்கள் மரத்துப்போகும். இதய, சிறுநீரகக் கோளாறுகளில் வரும் வீக்கத்தை விரலால் அழுத்தினால் குழி விழும். இதில் விழாது, ஏனென்றால் நீர் ஜெல்லாகக் கட்டுண்டு கிடக்கிறது. இப்படி ஏறும் எடை பொதுவாக இரண்டிலிருந்து நாலரைக் கிலோ. நோய் முற்றியவர்களுக்கு இன்னும் கூடும். மாத்திரை தொடங்கியதும் முதலில் இறங்குவதும் இந்த நீர்தான். பத்து, இருபது கிலோ கூடியிருந்தால் அந்தப் பழி முழுவதையும் தைராய்டின் மேல் போட முடியாது.

இனி இந்த ஹார்மோனின் உள்வேலை. சுரப்பி ஒரு நாளில் அனுப்பும் டி4 ஏறத்தாழ 80 முதல் 100 மைக்ரோகிராம். அதில் இரண்டு வளையங்கள், வளையத்துக்கு இரண்டாக நான்கு அயோடின் அணுக்கள். ஆனால் செல்லின் உட்கருவில் போய் மரபணுக்களை முடுக்குவது பெரும்பாலும் மூன்று அயோடின் உள்ள டி3தான். உடம்பின் டி3யில் ஐந்தில் ஒரு பங்குதான் சுரப்பியிலிருந்து நேராக வருகிறது. மீதி நான்கு பங்கை ஈரல், தசை, மூளை போன்ற உறுப்புகள் டி4இலிருந்து ஓர் அயோடினைக் கழற்றித் தாங்களே செய்துகொள்கின்றன. பத்தாயத்தில் இருப்பது நெல், அன்றன்றைக்குக் குத்தி எடுப்பது அரிசி. ரத்தத்தில் உள்ள டி4 பாதியாகக் குறைய ஏழு நாள் ஆகும், டி3க்கு ஒரு நாள் போதும்.

அயோடினைக் கழற்றும் நொதிக்கு டீஅயோடினேஸ் என்று பெயர். அதன் மையத்தில் ஒரு செலினியம் அணு உட்கார்ந்திருக்கிறது. வெளி வளையத்திலிருந்து ஓர் அயோடினைக் கழற்றினால் வீரியமுள்ள டி3 கிடைக்கும். உள் வளையத்திலிருந்து கழற்றினால் கிடைப்பது 'தலைகீழ் டி3'. அதிலும் மூன்று அயோடின்தான், ஆனால் மரபணுவை அது முடுக்காது. கழன்றது ஒரே ஓர் அணு. எந்தப் பக்கத்திலிருந்து கழன்றது என்பதில் முழு வித்தியாசமும் இருக்கிறது! எந்தப் பக்கத்தில் கழற்றுவது என்பதை அந்தந்தத் திசுவே தன்னிடமுள்ள நொதி வகையை வைத்துத் தீர்மானிக்கிறது.

தில்லி ஜனவரியில் 5 டிகிரிக் காலையை எடுத்துக்கொள்ளுங்கள். காரை எலும்புக்கு மேலே பலருக்குக் கொஞ்சம் பழுப்புக் கொழுப்பு, அதாவது எரிந்து வெப்பம் தரும் கொழுப்பு, இருக்கும். பெரியவர்களிடமும் அது உயிர்ப்போடு இருப்பது 2009இல்தான் உறுதியானது. எலிகளில் விரிவாகப் பார்த்த வழிமுறை இது: குளிர் பட்டதும் நரம்பு நுனியிலிருந்து நோர்அட்ரினலின் என்ற தூது ரசாயனம் வருகிறது. பழுப்புக் கொழுப்புச் செல்லுக்குள் இரண்டாம் வகை டீஅயோடினேஸ் பல மடங்கு பெருகுகிறது. டி3 அந்தச் செல்லுக்குள்ளேயே நிரம்புகிறது. செல்லின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியாவில் யு.சி.பி.1 என்ற புரதம் கூடுகிறது. கொழுப்பை எரித்த ஆற்றல் வேறு வேலைக்குப் போகாமல் நேரடியாக வெப்பமாகிறது. இத்தனை நடந்தும் ரத்தத்தில் டி3 அளவு பெரிதாக மாற வேண்டியதில்லை. ஒரே ரத்தம் பாயும் உடம்பில் ஒரு மூலையில் மட்டும் அடுப்பு மூட்டப்படுகிறது. தைராய்டு குறைந்தவர்கள் இரண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுங்குவதற்கு, அந்த அடுப்பை மூட்டும் ஹார்மோன் குறைவதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பட்டினியில் கதை திரும்புகிறது. நாளுக்கு 800 கலோரி என்று கடும் டயட்டில் இறங்கினால் சில நாள்களில் டி3 இறங்கும், தலைகீழ் டி3 ஏறும், டி.எஸ்.எச். ஏறாது. பஞ்சம் வந்துவிட்டது, எரிப்பதைக் குறை என்று உடம்பு சுதாரித்துக்கொள்கிறது. இது தைராய்டு நோய் அல்ல. மாத்திரையைக் கூட்டச் சொல்லி டாக்டரை நெருக்கக் கூடாது. எடைக்காக அளவுக்கு மீறிப் போட்டால் கொழுப்போடு தசையும் கரையும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு மெலியும்.

இன்னொன்று: உடல் பருமனே டி.எஸ்.எச்.சைச் சற்று உயர்த்தும். எடை குறைந்தால் அது தானாக இறங்குவதும் உண்டு. 5, 6 என்று வந்த ரிப்போர்ட்டில் எது காரணம், எது விளைவு என்று பார்க்காமல் மாத்திரை எழுதுவது சரியல்ல என்பது என் கருத்து.

எடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் மற்றவை கண்ணில் படாது. ரத்தத்தின் கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லை ஈரல் உறிஞ்சிக்கொள்ள டி3 வேண்டும். அது குறைந்தால் எல்.டி.எல். ஏறும். மலச்சிக்கல், மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, கருத்தரிப்பதில் சிக்கல், மனச்சோர்வு, மந்தமான நாடித்துடிப்பு எல்லாம் வரலாம். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் குழந்தையின் மூளை தாயின் டி4ஐ நம்பியே வளர்கிறது. மாத்திரை போடுபவர் கருவுற்றால் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அளவைக் கூட்ட வேண்டிவரும்.

மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போவதற்கு நம் வீடுகளில் ஒரு காரணம் காபி. பல் தேய்த்த கையோடு மாத்திரை, பின்னாலேயே டம்ளரில் ஃபில்டர் காபி என்றால் குடல் உறிஞ்சும் அளவு குறைந்துவிடும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு 30 முதல் 60 நிமிடம் காத்திருங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் முடியாதவர்கள் இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் போடலாம். சுரப்பி அறவே வேலை செய்யாதவருக்கு எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் தேவை. வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில்தான் தொடங்குவார்கள்.

கொத்தமல்லி விதைத் தண்ணீர் குடித்து மாத்திரையை நிறுத்தியவர்கள், "ரெண்டு வாரமாக நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பார்கள். அது உண்மையும்கூட. மாத்திரையில் இருப்பதும் டி4தான். அதன் ஏழு நாள் கணக்குப்படி, பத்தாயத்தில் மிச்சமிருந்த நெல்லை அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் சோர்வு திரும்பும். நகரங்களில் இன்று பெரும்பாலும் காண்பது நோயெதிர்ப்பு மண்டலமே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய். அழிந்த திசுவை எந்தக் கஷாயமும் முளைக்க வைக்காது.

இந்துப்பு மோகமும் கவலை தருகிறது. இமயமலை அடிவாரத்து மண்ணில் அயோடின் மழையோடு கரைந்து போனதால்தான் அங்கே தலைமுறை தலைமுறையாகக் கழுத்துக் கழலை (தைராய்டு வீக்கம்) இருந்தது. பின்னாளில் தில்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த வி. ராமலிங்கசுவாமியும் உடனிருந்தவர்களும் 1956இல், இன்றைய இமாசலப் பிரதேசத்தில் உள்ள காங்ரா பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு, ஒன்றுக்குச் சாதா உப்பு. 1962க்குள் அயோடின் உப்பு தின்ற பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. அதே ஆண்டு தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது.   பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். அயோடின் சேர்க்காத இந்துப்பையே வீட்டு உப்பாக்கினால் அந்தச் சின்னத் தேவைகூடக் கிடைக்காமல் போகலாம்.

மாத்திரை அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் மறுபடி டி.எஸ்.எச். பாருங்கள், அதற்கு முன் வரும் எண் பாதி வழியில் எடுத்த எண். அன்று காலை ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். சில பரிசோதனை முறைகளில் அது டி.எஸ்.எச்.சைக் குறைவாகவும் டி4ஐ அதிகமாகவும் காட்டிவிடும், அதை நம்பி டாக்டர் அளவைக் குறைத்துவிடக்கூடும். நிறுத்த மறந்திருந்தால் ரத்தம் எடுப்பவரிடம் அந்த மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுங்கள்.