ஐம்பது காசும் கோணல் சக்கரமும்

செந்தூலிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பாரிஸ் பாராலிம்பிக் பெண்கள் சக்கர நாற்காலி டென்னிஸ் இறுதியாட்டத்தின் பதிவை மகளோடு பார்த்தேன். பந்தை அடித்த கையோடு வலைக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிடுகிறார்களே, ஏன்? சக்கரங்கள் கோணலாக இருக்கின்றன, உடைந்துவிட்டதா என்று மகள் கேட்கிறாள்."

உடையவில்லை. வேண்டுமென்றே சாய்த்து வைத்தது.

2024-இல் ஜப்பானின் யுய் கமிஜி, நெதர்லாந்தின் டீடெ டி குரூட்டை மூன்று செட்டில் வென்று தங்கம் வாங்கிய ஆட்டம் அது. களமும் வலையும் எல்லாரும் ஆடுகிற அதே அளவுதான். விதியில் பெரிய வித்தியாசம் ஒன்றுதான்: பந்து இரண்டு முறை தரையில் படலாம். இரண்டாவது முறை கோட்டுக்கு வெளியே பட்டாலும் செல்லும்.

நின்று ஆடுபவர் பக்கவாட்டில் இரண்டு எட்டு வைத்தால் பந்திடம் போய்விடுவார். சக்கரம் பக்கவாட்டில் நகராது. பிரிக்பீல்ட்ஸில் இரண்டு காருக்கு நடுவே காரை நுழைத்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். அரை மீட்டர் இடப்பக்கம் போக வேண்டுமென்றாலும் முதலில் திரும்பியாக வேண்டும். ஆகவே நாற்காலியின் உயிரே திரும்புவதில்தான்.

இங்கேதான் அந்தக் கோணல். ஒரு 50 காசு நாணயத்தை எடுத்து மேசையில் உருட்டிப் பாருங்கள். நேராக நிற்கும்வரை நேராக ஓடும். வலப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கமே வளைந்து ஓடும். சாய்ந்த சக்கரத்துக்கும் இதே குணம். டென்னிஸ் நாற்காலியில் இரு சக்கரங்களின் தலையும் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். இடச் சக்கரம் வலப்பக்கம் வளையப் பார்க்கும், வலச் சக்கரம் இடப்பக்கம். நேராகப் போகும்போது இரண்டும் மல்லுக்கட்டிச் சமமாகிவிடும். இப்போது வேகமாக இடப்பக்கம் திரும்புகிறார் என்று வையுங்கள். எடை வெளிப்பக்கம், அதாவது வலச் சக்கரத்தின் மேல், ஏறுகிறது. அந்தச் சக்கரம் ஏற்கெனவே எந்தப் பக்கம் வளையத் துடித்துக்கொண்டிருந்தது? இடப்பக்கம்! மல்லுக்கட்டில் அதன் கை ஓங்கிவிடுகிறது. எனக்கு இதைவிட அழகான ஏற்பாடு எளிதில் ஞாபகம் வரவில்லை. மாமாக் கடை மேசையில் தே தாரிக் ஆறும்வரை நாணயம் உருட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அகலம். சக்கரத்தின் குறுக்களவு 60 சென்டிமீட்டர், சாய்வு 20 பாகை என்றால், ஒவ்வொரு சக்கரத்தின் அடியும் தலையைவிட 20 சென்டிமீட்டர் வெளியே நிற்கும். இரு பக்கமும் சேர்த்து 40. கவிழ்த்துவைத்த டம்ளர்போல, எளிதில் சாயாது. மட்டையை ஓங்கி வீசினாலும் தாங்கும். ஆனால் வீட்டுக் கதவுக்குள் நுழையாது. நேரோட்டத்திலும் அந்த மல்லுக்கட்டு கொஞ்சம் வேகத்தைத் தின்னும். இப்படியொரு நாற்காலியின் படத்தைக் காட்டியபோது என் பெரியம்மா "பாவம்லா" என்றார். பழைய கடைவரிசைகளின் முன்னே ஓடும் ஐந்தடி நடைபாதையில் கடைக்குக் கடை ஒரு படி வைத்திருக்கிறோமே, அதைப் பார்த்து அந்த "பாவம்" வரட்டும் என்பது என் கட்சி.

சரி, முதுகு. நின்ற நாற்காலியைக் கிளப்புவதுதான் மிகக் கடினம், அதுவும் மட்டையைப் பிடித்த கையாலேயே தள்ள வேண்டும். அதனால் நிற்கவே மாட்டார்கள். அடித்ததும் பின்பக்கமாக ஒரு வட்டம் போடத் தொடங்குவார்கள், பார்வை மட்டும் தோளுக்கு மேலே பந்தின் மீது. எதிராளி அடிக்கும்போது நாற்காலி ஓட்டத்தில் இருக்கும். பந்து தரையில் பட்டு 1.2 மீட்டர் எழுந்தால், மறுபடி தரைக்கு வர ஏறக்குறைய 1 வினாடி ஆகும். வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடும் நாற்காலிக்கு அது 3 மீட்டர். வட்டத்தின் மிச்சத்தை முடித்து, பந்து இரண்டாவது முறை எழும் இடத்துக்கு முகம் காட்டி வந்து நிற்க... இல்லை, நிற்காமல் அடிக்க, அந்த ஒரு வினாடி போதும்.